கோய் கெண்டையா, தங்கமீனா? ராமநாதபுரம் கடற்கரையில் தண்ணீர்தான் முடிவு சொல்லும்

கீழக்கரையில் ஒரு வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி முடித்திருந்தார்கள். 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகளோடு, முழங்கை நீளத்துக்கு மீன்கள். "தம்பி, இதை விடலாமா, இல்ல சின்ன கோல்டு ஃபிஷ் போதுமா? நீதான் சொல்லணும்" என்றார்.

"காக்கா, குழிக்கு எந்தத் தண்ணி விடப் போறீங்க?" என்று கேட்டேன். கிணற்றைக் காட்டினார். ஒரு டம்ளரில் மொண்டு டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) முக்கினோம். எண் ஏறி 1,900இல் நின்றது. அதாவது ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, மீன்குளம் கட்ட நினைக்கிறவர்கள் எது அழகு, எது விலை குறைவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் பிறகு வரட்டும். இந்தக் கரையில் எந்த மீன் பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, கழிக்கிற தண்ணீர் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மீனைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டுமே கெண்டைக் குடும்பம்தான். ஆனால் வளர்ந்த சூழல் வேறு. கோய் என்ற ஜப்பானியச் சொல்லுக்கே கெண்டை என்றுதான் பொருள். வண்ணக் கெண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் நிஷிகிகோய். நீகாத்தா பகுதியின் மலைக் கிராமங்களில், நெல் வயலுக்கு நீர் தேக்கும் குளங்களில் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் நிறம் மாறிப் பிறந்த குஞ்சுகளைப் பிரித்து எடுத்து இனம் சேர்த்தார்கள். 1914இல் டோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. நீகாத்தா ஆளுயரத்துக்குப் பனி விழும் ஊர். குளிர்ந்த, ஆழமான, ஓடிவரும் நன்னீர் அந்த மீனின் தாய்வீடு.

தங்கமீன் சீனாவில் பிறந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சோங் அரசர்கள் காலத்தில் குளங்களில் வளர்ந்தது. பிறகு மிங் காலத்தில் வீட்டுக்குள் வந்து மண்தாழிகளிலும் பீங்கான் தொட்டிகளிலும் வாழப் பழகியது. உருண்டை வயிறு, இரட்டை வால், பிதுங்கிய கண் என்ற வடிவங்களெல்லாம் அந்தத் தொட்டி வாழ்க்கையில் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. கொஞ்சம் தண்ணீரில் காலம் தள்ளுவது தங்கமீனுக்குப் பல தலைமுறைப் பழக்கம். கோய்க்கு அது தெரியாது.

கடையில் இரண்டு அங்குலக் குஞ்சுகளாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பாலிதீன் பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாயோரம் பாருங்கள். கோய்க்கு இரண்டு இணை மீசை உண்டு, தங்கமீனுக்கு மீசையே கிடையாது. "எல்லாம் ஒரே சாதிதான் சார், சேர்த்தே விடுங்க" என்று கலந்து கட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்துத்தான் வித்தியாசம் புரியும், ஏனென்றால் குளிர்காலம் இல்லாத நம் ஊர் நீரில் கோய் ஓய்வில்லாமல் வளரும்.

கோய் 60 செ.மீ. வரை வளர்வது சாதாரணம். அந்த நீளத்தில் ஒரு மீன் மூன்று கிலோவைத் தாண்டும். ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைந்த தங்கமீன் நூறு கிராம் சுற்றி இருக்கும். நீளத்தில் மூன்று மடங்கு, எடையில் முப்பது மடங்கு. மீன் தின்பதும், மூச்சு விடுவதும், கழிப்பதும் எடையைப் பொறுத்தது. ஐந்து கோய் வளர்ப்பதாகச் சொல்பவர் உண்மையில் நூற்றைம்பது தங்கமீனின் கழிவைச் சுத்தம் செய்யப் பொறுப்பேற்கிறார்.

அடுத்தது வெயில். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரத்தில் மீனின் உடம்பு வேகமாக இயங்குவதால் அதன் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும். சித்திரை, வைகாசியில் நிழலில்லாத இரண்டடிச் சிமென்ட் தொட்டியின் நீரில் கை வைத்துப் பாருங்கள், கஞ்சி ஆறியது போல இருக்கும். பாசி படர்ந்த தொட்டியில் ராத்திரி முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை இழுப்பதால், விடியற்காலை நாலு ஐந்து மணிக்குத்தான் நிலைமை மிக மோசம். காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசி என்று நினைத்துத் தீவனம் போட்டால் நிலைமை இன்னும் கெடும்.

தங்கமீன் மூச்சுத் திணறலைத் தாங்குவதில் பேர் பெற்றது. கடும் குளிரில், ஆக்சிஜனே இல்லாத நீரில்கூட, உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் அது குளிர்நீர் வித்தை. நம் சூட்டில் அதற்கு நேரம் கிடைக்காது. ஆகவே எந்த மீனானாலும் குளத்தின் பாதிக்காவது நிழல் வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தலோ பனையோலையோ போதும், அதைவிடச் சிறந்த பச்சைவலை எதையும் நான் பார்க்கவில்லை.

வெயிலோடு சேர்ந்து இன்னொன்றும் இங்கே வேலை செய்கிறது. மீன் செவுள் வழியே அம்மோனியாவை விடுகிறது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவு கெடுதல் இல்லாதது, மற்றது செவுளையே எரிப்பது. நீரின் காரத்தன்மையும் சூடும் ஏறினால் இரண்டாவது வடிவம் கூடும். பி.எச். (காரத்தன்மையைச் சொல்லும் எண்) 7, 25 டிகிரி என்ற நிலையில் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவம். பி.எச். 8, 30 டிகிரி என்றால் அது ஏழு விழுக்காட்டைத் தாண்டும். சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த நம் மணலில் ஊறி வரும் கிணற்று நீரின் பி.எச். பெரும்பாலும் எட்டை ஒட்டியே இருக்கும். புதிதாகப் பூசிய சிமென்ட் தொட்டி அதை இன்னும் ஏற்றிவிடும். அதனால்தான் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நீர் நிரப்பி, அழுக விட்டு, வடித்து, இரண்டு மூன்று முறை கழுவுவார்கள். அதைச் செய்யாமல் மீனை விட்டவர்கள் மறுநாளே மிதக்கும் மீனை அள்ள வேண்டிவரும்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாக, தீவனம் கொஞ்சமாக. கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. அதனால் சிறிது சிறிதாகப் போடுவதே நல்லது.

இனி உப்பு. இந்தக் கடற்கரைக்கே உரிய கேள்வி இதுதான்.

கரையோர மணலுக்கு அடியில் நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் எடை குறைவு, கடல்நீர் கனம். அதனால்தான் ராமேஸ்வரம் கோயிலுக்குள், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், குடிக்கத்தக்க தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. அதனால்தான் கடலோரத்துப் பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றில் அகப்பையால் மொண்டு குடம் நிரப்பினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். மோட்டார் போட்டு மேலே ஒரு அடி இறக்கினால், கீழே உப்புநீர் நாற்பது அடி மேலேறத் தயாராகும். மீன்குளத்துக்காக மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டினால் நம் கிணறு மட்டுமில்லாமல் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து உப்பாகும்.

சரி, 1,900 டி.டி.எஸ். உள்ள நீரில் மீன் வாழுமா? வாழும். நன்னீர் மீனின் ரத்தத்தில் லிட்டருக்கு ஒன்பது கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. வெளியே உப்பு குறைவாக இருப்பதால் நீர் செவுள் வழியே உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், மீன் அதை ஓயாமல் சிறுநீராகக் கழிக்கும். வெளிநீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்த உழைப்பு குறையும். நோயுற்ற மீனுக்கு ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ கல்லுப்பு போடுவது அதற்காகத்தான். ஆனால் மருந்து வேறு, தினச் சாப்பாடு வேறு. லிட்டருக்கு மூன்று கிராமைத் தாண்டி மாதக்கணக்கில் வைத்தால் கோயும் தங்கமீனும் சோரக்கூடும், அல்லி அதற்கு முன்பே கருகும்.

சிக்கல் 1,900 என்ற எண்ணில் இல்லை, அது அங்கேயே நிற்காது என்பதில் இருக்கிறது. வெயில் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்காவின் 12க்கு 8 அடிக் குளத்தில் அது 62 லிட்டர், அதாவது தினம் நாலு குடம். போவது நீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கும். நாலு குடம் கிணற்று நீரை மறுபடி ஊற்றினால் அதோடு 118 கிராம் உப்பும் இறங்கும். மாதத்துக்கு மூன்றரை கிலோ. 10,900 லிட்டர் கொண்ட அந்தக் குளத்தின் உப்பு, நீரை வெளியேற்றாமல் மேலே மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால், மாசியில் 1.9 கிராமாக இருந்தது ஆனி முடியும்போது 3.2 தாண்டியிருக்கும், புரட்டாசிக்குள் நாலை எட்டிவிடும். வாலிநோக்கத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பதும் இதே முறைதான். நீரை விடு, வெயிலில் வை, மறுபடி விடு.

இதற்கு வடிகட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. உப்பு போக ஒரே வழி, குளத்து நீரை இறைத்துக் கொட்டுவது. எவ்வளவு ஆவியாகிறதோ அதே அளவைக் கொட்டிக்கொண்டு வந்தால் குளத்தின் உப்பு, ஊற்றுகிற நீரின் உப்பைப்போல இரு மடங்கில் நிலைத்துவிடும். அதற்கு மேல் ஏறாது. காக்கா கணக்கில் 3.8 கிராம். அதுவே அதிகம். இன்னும் கொட்ட வேண்டும், இன்னும் நிரப்ப வேண்டும். கோய் வளர்ப்பவர்கள் வாரம் பத்து விழுக்காடாவது நீர் மாற்றுவார்கள். இந்தக் குளத்தில் அது 1,090 லிட்டர், எழுபது குடத்துக்கு மேல். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வண்டி வரும் நேரம் பார்த்து நிற்கும் தெருவில் வாரம் எழுபது குடம். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயைத் திறந்து மீன்குளத்தை நிரப்புவது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. திருச்சிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வருவது குடிக்கிற தண்ணீர். (நிரப்பினால் குளோரின் செவுளைத் தின்னும் என்பது வேறு. ஒரு நாள் திறந்து வைத்திருந்துதான் விட வேண்டும்.)

ஆக, கொல்லையில் தென்னை இருக்கிறதா என்று பார்ப்பேன். தென்னை உப்பைத் தாங்கும், மீன்குளத்து நீரின் நைட்ரேட் அதற்கு உரம். கொட்டுகிற நீரைக் குடிக்க எத்தனை மரம் இருக்கிறதோ, குளம் அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும். மரம் இல்லாத வீட்டில் அந்த நீர் தெருவில் ஓடும், இல்லை அதே மணலில் இறங்கி உப்பைக் கிணற்றுக்கே திருப்பும்.

ஆழத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கோய்க்கு நாலு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும் என்பார்கள், சரிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரம் பல இடங்களில் மூன்று நாலு அடி தோண்டினாலே நீர் ஊறும். அந்தச் சமயத்தில் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால், வெளிநீரின் அழுத்தம் அடித்தளத்தை மேலே தூக்கும். தார்ப்பாய் விரித்த குளம் பலூன்போல உப்பும், சிமென்ட் தளம் விரியும். எங்கள் சின்னம்மா வீட்டில் அப்படி நடந்து, நடுவில் ஒரு விரல் நுழையும் விரிசலைப் பார்த்திருக்கிறேன். ஆழம் வேண்டுமென்றால் பாதியைத் தரைக்கு மேலே சுவராக எழுப்புவதே இங்கே பொருத்தம். சுவர் எழுப்பினால் தெருத் தண்ணீரும் உள்ளே வராது.

மழைக்காலத்தில் குளம் வழிந்தால் மீனும் போகும். வழியும் குழாய்க்கு வலை கட்டியே ஆக வேண்டும். கோயோ தங்கமீனோ ஊரணிக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேரக்கூடாது. இரண்டுமே அடிமண்ணைக் கிளறித் தின்பவை, நீரைக் கலக்கும், செடியை வேரோடு கிளப்பும், வெளியே போனால் பெருகும். வளர்க்க முடியாமல் போனாலும் ஊரணியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ஊரார் குடித்த தண்ணீர் அது.

பறவைகளைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் உள்ள மாவட்டம் இது. மடையான் கொக்கு சுவரோரத்தில் கல்லைப்போல நிற்கும், மீன்கொத்திக்கு ஆரஞ்சு நிறம் தூரத்திலேயே தெரியும். வளர்ந்த கோயை மடையானால் தூக்க முடியாது, இதில் கோய்க்குச் சாதகம். தங்கமீனுக்குச் செங்குத்தான சுவரும் வலையும் வேண்டும். பழைய மீன்வலைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் தொய்வாகக் கட்டினால் பறவையும் தண்ணீர்ப்பாம்பும் சிக்கிச் சாகும். இழுத்து, மத்தளம்போலக் கட்டுங்கள்.

மின்சாரம் போனால் கோய்க்குளம் ஒரு கோடைப் பின்னிரவைத் தாண்டுவது கடினம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கட்டாயம். உப்புக்காற்றில் இரும்பு ஆணிகூட ஒரு வருடம் தாங்காது, இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அலங்காரத்துக்குப் பவளக்கல் எடுத்து வந்து போடுகிறவர்கள் உண்டு. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதை எடுப்பது குற்றம், குளத்து நீரின் காரத்தையும் அது ஏற்றும்.

கிணற்று நீர் ஆயிரம் டி.டி.எஸ்ஸுக்குள், பத்தாயிரம் லிட்டருக்குக் குறையாத குளம், நிழல், இரவும் பகலும் ஓடும் பம்பு, நாலைந்து தென்னை, இவ்வளவும் இருந்தால் கோய் வளர்க்கலாம், அதுவும் நாலைந்து. இருபத்தைந்து, முப்பது வருடம் வாழக்கூடிய உயிர் அது. கை தட்டினால் வந்து விரலை உறிஞ்சும் அந்த நெருக்கம் தங்கமீனிடம் அவ்வளவாகக் கிடைக்காது, அதை நான் மறுக்கவில்லை. மற்ற எல்லார்க்கும் தங்கமீன். அதிலும் ஒற்றை வால் காமெட், ஷுபுன்கின் வகைகள். ஒராண்டா, பிளாக் மூர், குமிழிக்கண் எல்லாம் மெதுவாக நீந்துபவை, திறந்த குளத்தில் முதலில் போவது அவைதான். ஐந்து கிராமைத் தொடும் கிணறென்றால் இரண்டையுமே மறந்துவிடுவது நல்லது, அதில் ஜிலேபிக் கெண்டை நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் அன்று மாலை கிணற்றடியில் உட்கார்ந்து காக்காவிடம் சொன்னேன். அவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டின குழிய மூடவா சொல்ற?" என்றார். மூட வேண்டியதில்லை என்று நடுவில் ஒரு சுவர் எழுப்பச் சொன்னேன். ஒரு பாதியில் ஆழம் இரண்டரை அடியாகும்படி தளத்தை உயர்த்தி, 3,400 லிட்டர் குளம், பதினைந்து காமெட். மறுபாதி நாலு அடி ஆழத்தோடு, மூடி போட்ட மழைநீர்த் தொட்டி, 5,400 லிட்டர். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது அவர் வாப்பா வைத்த குழாய்கள் மாடியிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 60 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அந்தத் தொட்டி நிறையும்.

சிறிய குளத்தில் தினம் ஆவியாவது இரண்டு குடம், தென்னைக்கு இறைப்பது இரண்டு குடம். நிரப்புகிற நாலில் இரண்டு மழைநீர், இரண்டு கிணற்று நீர். அந்தக் கணக்கில் தை மாதம் நிறைந்திருக்கும் தொட்டி ஆனி வரைக்கும் வரும், குளத்தின் உப்பும் கிணற்றின் 1,900ஐத் தாண்டாது. போன ஆடியில் காக்காவின் மகள் மீட்டரை முக்கிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 1,840.